மெதுவாய் ஓடக் கற்ற எந்திரம்

1990இல் டாஸ் கணினிகளுக்கென வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் கோப்பை இன்றைய மடிக்கணினி ஒன்றில் வைத்துச் சொடுக்கினால் விண்டோஸ் 11 அதைத் திறக்காது. இது உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு வரியில் சொல்லி முடித்துக்கொள்ளும். கோப்பில் பழுது ஏதுமில்லை. ஒரு பிட்கூடத் தேயவில்லை. பிளாப்பியில் பதிந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மூப்பு வந்தது அதைச் சுற்றியிருந்த உலகத்துக்கு.

கலைப்பொருள்களின் அழிவைப் பற்றி நமக்கிருக்கும் எண்ணங்கள் இதற்கு நேர்மாறானவை. சுவரோவியம் உதிர்கிறது, படச்சுருள் நைந்துபோகிறது, அச்சுத்தாள் பழுப்பேறி ஒடிகிறது. பார்க்கும் கண் மட்டும் தலைமுறைகள் தாண்டியும் மாறாமல் இருக்கிறது. கணினி விளையாட்டில் பொருள் அப்படியே கிடக்க, அதைக் காணும் கண் காணாமல் போய்விடுகிறது. பழைய விளையாட்டை மீட்பது என்றால் கோப்பைப் பழுதுபார்ப்பதாக இருக்க முடியாது. அந்தக் கோப்பு எந்த உலகத்தை நம்பி எழுதப்பட்டதோ அந்த உலகத்தைத் திரும்பக் கட்ட வேண்டும்.

கிட்டப்பாவின் 78 சுழற்சி இசைத்தட்டில் பாட்டு இருக்கிறது, வேகம் இல்லை. வேகம் கிராமபோன் பெட்டியில் இருந்தது. தட்டை வேறு வேகத்தில் சுழலவிட்டால் வேறொருவர் பாடுவார். டாஸ் காலத்து விளையாட்டுகளும் இப்படித்தான். நிரல் என்று நாம் கையில் வைத்திருப்பது பாதி. மறுபாதி புராசசரின் வேகத்திலும், திரையின் வடிவத்திலும், ஒலி அட்டையின் குரலிலும், நினைவகத்தின் போதாமையிலும், சில சமயம் அடுத்தவர் செய்துவைத்த பிழையிலும் இருந்தது. அந்த மறுபாதியை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. காற்று இருக்கிறது என்று யார் எழுதிவைப்பார்கள்?

*

டாஸை இயங்குதளம் என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்காகத்தான். இன்றைய விண்டோஸ் ஒரு நிரலுக்கும் வன்பொருளுக்கும் நடுவே எப்போதும் நிற்கிறது. திரையில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமென்றாலும் அதனிடம் கேட்டாக வேண்டும். டாஸ் விளையாட்டைத் தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் எந்திரம் முழுவதும் விளையாட்டுக்கே சொந்தம். திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும், விசைப்பலகையின் குறுக்கீட்டைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும், கடிகாரச் சில்லைத் தனக்கு வேண்டியபடி திருப்பிவைக்கும். தான் ஒருவனே வாழும் வீட்டில் நடமாடுவதுபோல அந்த நிரல்கள் எழுதப்பட்டன.

விண்டோஸ் 98 வரை இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு புழக்கடை வழி இருந்தது; வேண்டுமென்றால் கணினியை டாஸ் முறையில் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது வீட்டுக் கணினிகளும் என்டி என்னும் கறாரான அடித்தளத்துக்கு மாறின. அதில் என்டிவிடிஎம் என்றொரு பகுதி, டாஸ் நிரலுக்குத் தனி எந்திரம் கிடைத்துவிட்டதாக ஒரு மாயத்தைக் காட்டிவந்தது. அந்த மாயத்துக்கு அடிப்படை இன்டெல் 386 புராசசரிலேயே இருந்த ஒரு வசதி: ஓர் 8086 புராசசராக நடிக்கும் முறை. பிறகு புராசசர்கள் 64 பிட்டுக்கு மாறியபோது, அந்தப் புதிய முறையில் இந்த நடிப்புக்கு இடம் வைக்கவில்லை. 64 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் இல்லாமல் போனது அதனால்தான். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் வடிவமே கிடையாது. கதவு அத்துடன் மூடிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று கடையில் வாங்கும் கணினியின் புராசசர், மின்சாரம் பாய்ந்ததும் முதலில் கண்விழிப்பது 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086இன் முறையில்தான். 16 பிட்டில் தன் முதல் ஆணையை நிறைவேற்றிவிட்டு, அடுத்த இமைப்பொழுதில் படிப்படியாக 64 பிட்டுக்கு ஏறிவிடுகிறது. ஒவ்வொரு காலையும் அந்த எந்திரம் தன் பாட்டனாக எழுந்து, பல் துலக்குவதற்குள் பேரனாகிவிடுகிறது. திறமை போய்விடவில்லை, ஏறிய பின் இறங்கத்தான் வழியில்லை.

பின்னால் வருவது முன்னால் வந்ததுபோல் நடிக்க வேண்டிய நிலை இன்று நேற்று வந்ததும் அன்று. 8086இன் முகவரி எல்லை ஒரு மெகாபைட். அந்த எல்லையைத் தாண்டிய எண் வந்தால் அது சுற்றிக்கொண்டு மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். குறைபாடுதான். ஆனால் சில நிரல்கள் அந்தச் சுற்றலையே நம்பி எழுதப்பட்டுவிட்டன. 1984இல் ஐபிஎம் தன் ஏடி கணினியில் 286 புராசசரை வைத்தபோது, புதிய சில்லு ஒரு மெகாபைட்டைத் தாண்டி ஒழுங்காகப் போயிற்று. பழைய நிரல்கள் குழம்பின. ஐபிஎம் என்ன செய்தது? முகவரியின் இருபத்தொன்றாவது கம்பியை வேண்டும்போது அடைத்துவைக்க ஒரு மதகு கட்டியது. அந்த மதகைத் திறந்து மூடும் பொறுப்பை, காலியாக இருந்த ஒரு முனை வழியாக, விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லிடம் கொடுத்தது. ஏ20 மதகு என்று அதற்குப் பெயர். பழைய குறைபாட்டைப் புதிய எந்திரத்தில் வேலை மெனக்கெட்டுச் செய்துவைத்த முதல் பெரிய உதாரணங்களில் அது ஒன்று. கணினியின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே எழுதிப் பழகியிருக்கிறோம். பழைய பலவீனங்களைப் பத்திரப்படுத்திய வரலாறாகவும் அதை எழுதலாம்.

*

பலவீனங்களில் தலையாயது மெதுவாக இருப்பது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் புராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. தொடக்ககால விளையாட்டுகள் பலவற்றை எழுதியவர்கள் அந்த எண்ணை இயற்கை விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். எதிரி ஓர் அடி நகர்ந்ததும் அடுத்த அடிக்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டும் என்றால், ஒன்றும் செய்யாத ஒரு சுழற்சியைச் சில ஆயிரம் முறை ஓடவிடுவார்கள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை; எந்திரத்தின் மூச்சையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். வேகமான எந்திரங்கள் வந்தன. அதே சுழற்சி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. விளையாட்டு தொடங்கியதும் முடிந்தது; விரல் விசையைத் தொடுவதற்குள் ஆட்டக்காரர் செத்துப்போனார்.

அதற்காகவே கணினிப் பெட்டிகளின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் வைத்தார்கள். பெயரைக் கேட்டால் வேகம் கூட்டுவது போலிருக்கும். உண்மையில் அது இருந்ததே வேகத்தைக் குறைக்கத்தான். அதிக விலை கொடுத்து வாங்கிய வேகத்தை வேண்டாமென்று சொல்லவும் ஒரு பொத்தான் தேவைப்பட்டது என்பது, வளர்ச்சியைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகளில் எங்கும் வராத ஒரு பத்தி.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. போர்லேண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் 7இல் எழுதிய நிரல்கள் பல, தொடங்கும்போதே எந்திரத்தின் வேகத்தை அளந்துகொள்ளும். கணினியின் கடிகாரம் ஒரு முறை துடிக்க எடுத்துக்கொள்ளும் 55 மில்லி விநாடிக்குள் ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். இவர்கள் பொறுப்பானவர்கள், வேகத்தை நிலையானதாக எண்ணாமல் அளந்து பார்த்தவர்கள். 1990களின் பிற்பாதியில் புராசசர்கள் 200 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி வளர்ந்தபோது வகுத்து வந்த விடை 65,535ஐத் தாண்டியது. 16 பிட்டில் அதற்குமேல் எண் கிடையாது. புராசசர் தடுமாறியது; நிரல் பிழை எண் 200 என்று சொல்லிவிட்டு விழுந்தது. அந்தப் பிழைக்கு எழுதிவைத்திருந்த விளக்கம், சுழியத்தால் வகுத்தல். எங்கும் சுழியமே இல்லை. எந்திரம் அளவுக்குமீறி வேகமாகிவிட்டது என்று சொல்ல அந்த நிரலிடம் சொல் இல்லை. எதிர்காலம் மெதுவாக வரும் என்று நம்பியிருந்தது, அவ்வளவுதான்.

*

2002இல் பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் என்னும் இரண்டு டச்சுக்காரர்கள் வெளியிட்ட டாஸ்பாக்ஸ் இந்த இடத்தில் வருகிறது. விண்டோஸ் மறுத்ததை விண்டோஸிடம் வாதாடிப் பெற அது முயலவில்லை. விண்டோஸுக்குள் இன்னொரு கணினியை, வெறும் நிரலாகவே, கட்டி எழுப்பியது. பழைய புராசசரின் ஒவ்வொரு ஆணையையும் படித்து, அது என்ன செய்திருக்குமோ அதைச் செய்துகாட்டுகிறது. உள்ளே ஒரு பொய்ப் புராசசர், பொய் விஜிஏ அட்டை, பொய்க் கடிகாரம். சொந்தக் கணினியின் ஒரு கோப்புறையை சி டிரைவ் என்று சொல்லி உள்ளே மாட்டினால் விளையாட்டு அதையும் நம்பிவிடும்.

அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்ப்பது ஒரு தனி வாசிப்பு. பழைய பாணி விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும் வேகம், ஒரு மில்லி விநாடிக்கு 3,000 ஆணைகள். அதே பொழுதில் பல லட்சம் ஆணைகளை முடிக்கக்கூடிய புராசசர் ஒன்று 3,000உடன் நிறுத்திக்கொண்டு மீதி நேரம் சும்மா இருக்கிறது. கன்ட்ரோலையும் எஃப்12ஐயும் அழுத்தினால் கொஞ்சம் வேகம் கூடும். எஃப்11ஐ அழுத்தினால் குறையும். ஒரு விளையாட்டுக்கு எது சரியான வேகம் என்று எண்ணால் சொல்ல முடியாது. எதிரி ஓடும் ஓட்டம், இசையின் நடை இவற்றைப் பார்த்து, கேட்டு, கை பழகியவர் நினைவை வைத்துக்கொண்டு சுருதி சேர்க்க வேண்டும்.

16 ஜிபி நினைவகத்தை வைத்துக்கொண்டு, விளையாட்டிடம் உனக்கு 640 கேபிதான் என்று சொல்வதும் இதில் சேரும். அந்த 640 கேபிக்குள் மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் இடம் பிடித்த பின் விளையாட்டுக்கு மிச்சம் எவ்வளவு என்பதுதான் 1990களின் பெரும் கவலை. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளில் வரிகளை இடம்மாற்றி, எதை மேல் நினைவகத்துக்கு அனுப்பலாம், எதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியே ஒரு தொடக்க பிளாப்பி செய்துவைத்தவர்கள் இருந்தார்கள். கணினிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தலைமுறைக்குத் தெரியவந்ததற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

ஒலிக்கும் அதே கதை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான் டாஸ் விளையாட்டுகளின் பொதுக் குரலானது. விளையாட்டை நிறுவும்போது முகவரி 220, குறுக்கீடு 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்று மந்திரம்போல் சொல்ல வேண்டும். அந்த முகவரியில் இன்று எந்த அட்டையும் இல்லை. ஆனால் டாஸ்பாக்ஸ் அங்கே ஓர் அட்டை இருப்பதாகக் காட்டி, அதிலிருந்த யமஹா இசைச் சில்லின் உலோகக் குரலைக் கணக்கிட்டே உண்டாக்குகிறது. அந்தச் சில்லு வகையின் உறையை நீக்கி, உள்ளிருக்கும் சிலிக்கானைப் படம்பிடித்து, அதைப் பார்த்து எழுதிய ஒலி நிரல்களும் உண்டு. மலிவான ஓர் இசைச் சில்லின் கரகரப்புக்கு இத்தனை அக்கறையா என்று கேட்கலாம். அந்த இசையை எழுதியவர்கள் அந்தக் கரகரப்பைக் காதில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். உயர்தரப் பியானோவில் வாசித்துக்காட்டினால் அது வேறு இசை.

*

வரம்பு படைப்புக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வே நல்ல சாட்சி. ஜோர்டன் மெக்னர் அதை முதலில் 1989இல் ஆப்பிள் II கணினிக்காக எழுதினார். இளவரசன் ஓடுவதும் விளிம்பைப் பற்றித் தொங்குவதும் அவ்வளவு உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவர் தன் தம்பி டேவிட்டை ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அசைவை ஒவ்வொரு படமாகப் பிரித்து வரைந்ததுதான். இந்த அசைவுகளே நினைவகத்தை அடைத்துக்கொண்டன. சண்டையில்லாத விளையாட்டாகவே அது வளர்ந்தது. எதிரி வேண்டும் என்று உடன் வேலை செய்த டோமி பியர்ஸ் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். இன்னோர் உருவத்துக்கு இடமே இல்லை. கடைசியில் மெக்னர் இளவரசனின் படங்களையே எடுத்து, அவற்றை ஒரு பிட் நகர்த்தித் தம்மோடு தாமே மோதவிட்டார். மினுமினுக்கும் ஒரு நிழல் மனிதன் வந்தான். புதிதாக ஒரு படமும் வேண்டியிருக்கவில்லை.

நான்காம் கட்டத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இளவரசன் பாய, அவனிடமிருந்து அந்த நிழல் பிரிந்து போகிறது. பிறகு ஒரு கட்டத்தில் அவன் குடிக்க வேண்டிய மருந்தை அது குடித்துவிடுகிறது. வேறோர் இடத்தில் அவன்மேல் கதவை மூடுகிறது. இறுதிக் கட்டத்தில் வாளோடு எதிரே நிற்கிறது. அதை வெட்டினால் வெட்டு இவன்மேல் விழுகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடப்பதே வழி, இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு நாவலாசிரியர் ஆண்டுக்கணக்கில் தேடும் உருவகம் இங்கே நினைவகப் பற்றாக்குறையிலிருந்து வந்தது. தாராளமான எந்திரம் கிடைத்திருந்தால் மெக்னர் வேறொரு வீரனை வரைந்திருப்பார். விளையாட்டு நன்றாகவே இருந்திருக்கும். நிழல் இருந்திருக்காது.

அந்த ஆப்பிள் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார். விளையாட்டுக்கு இசையமைத்தவரும் அவரே. பெட்டியில் பிளாப்பிகள் இருந்தன. ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் போன்ற பழங்கணினி அறிஞர்கள் பழைய எந்திரங்களை வைத்து அவற்றைப் படித்தெடுத்தார்கள். அந்த ஏப்ரலிலேயே நிரல் எல்லோரும் வாசிக்கும்படி இணையத்தில் ஏறியது. தனிமனிதர் ஒருவரின் அலமாரி, அதைத் தூக்கிப்போடாத ஒரு தகப்பன், பழைய தட்டைப் படிக்கத் தெரிந்த இரண்டொருவர். இந்தக் கலைவடிவத்தின் பாரம்பரியம் இவ்வளவு மெல்லிய இழைகளில் தொங்குகிறது.

டாஸ் வடிவத்தில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். எழுத்துகள் எழுதிய மருந்துப் புட்டிகள் பல இருக்கும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எது என்று விளையாட்டு கேட்கும். சரியான புட்டியைக் குடித்தால்தான் மேலே போகலாம். திருட்டு நகலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. நிரலின் ஒரு துண்டு காகிதத்தில் இருந்தது என்று இதற்குப் பொருள். டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தத் தாளை உண்டாக்கித் தராது. அதையும் யாரோ வைத்திருக்க வேண்டும், படியெடுத்திருக்க வேண்டும்.

*

பழைய விளையாட்டைப் பிழைக்கவைக்க இன்னொரு வழி, மூல நிரலையே புதிய எந்திரத்துக்கேற்ப மாற்றி எழுதுவது. இதற்கு 'டூம்' எடுத்துக்காட்டு. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட அந்த விளையாட்டின் மூல நிரலை 1997 டிசம்பரில் ஜான் கார்மக் பொதுவில் வைத்தார். அதன்பின் அது ஏறாத கருவி இல்லை. மாற்றி எழுதியவர்கள் திரையை அகலப்படுத்தினார்கள், அசைவை வழவழப்பாக்கினார்கள், பிழைகளைத் திருத்தினார்கள். நல்ல காரியம்தானே?

'சாக்லேட் டூம்' என்ற வடிவத்தைச் செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. டாஸில் அது எப்படி இருந்ததோ அப்படியே, பிழைகளோடு சேர்த்து, இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு காட்சியில் தரை, கூரைப் பரப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் பழைய டூம் விழுந்துவிடும். சாக்லேட் டூமும் அதே இடத்தில் விழும். எந்திரத்தில் இடம் தாராளமாக இருந்தும் விழும்.

இது வெறும் ஆசாரம் இல்லை. டூமில் ஒருவர் ஆடிய ஆட்டத்தைப் பதிவுசெய்து வைக்கலாம். பதிவில் படம் இருக்காது. ஒரு விநாடியை 35 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஆட்டக்காரர் என்ன விசையை அழுத்தினார் என்பது மட்டுமே இருக்கும். விளையாட்டில் தற்செயல்போல் தோன்றுவதெல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை. அதனால் அதே விசைகளைத் திரும்பக் கொடுத்தால் அதே ஆட்டம் அச்சு மாறாமல் நிகழும். இப்போது நல்லெண்ணத்தோடு ஒரு பிழையைத் திருத்துங்கள். எங்கோ ஓர் அரக்கன் ஒரு புள்ளி தள்ளி நிற்பான், ஒரு குண்டு தவறும், பட்டியலில் ஓர் எண் கூடுதலாகச் செலவாகும். அதற்குப் பிறகு பதிவிலுள்ள ஆட்டக்காரர் சுவரில் முட்டிக்கொண்டு, யாருமற்ற மூலையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பார். 1994இல் ஒருவர் ஆடிய அற்புதமான ஆட்டம் அத்துடன் பைத்தியக்காரத்தனமாகிவிடும். நிரலின் பிழைகள் அந்த ஆட்டத்தின் தரையாக இருந்தன. தரையைச் செப்பனிட்டதும் நடந்தவர் விழுந்தார்.

இதே தர்மசங்கடத்தை விண்டோஸை எழுதியவர்களும் சந்தித்திருக்கிறார்கள். 'சிம்சிட்டி' விளையாட்டில், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் ஒரு பிழை இருந்தது. பழைய விண்டோஸில் அது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95இல் விளையாட்டு விழுந்தது. பிழை விளையாட்டினுடையது. ஆனாலும் விண்டோஸ் 95இல் ஒரு சிறப்பு ஏற்பாடு செய்தார்கள்: ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால், திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே எடுத்துக்கொள்ளாமல் சற்று விட்டுவைக்கும்.

திரையின் வடிவமும் இப்படியொரு மறைந்த தரைதான். டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டன. அன்றைய மானிட்டர் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்ததால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் சற்று உயரமாக நின்றது. ஓவியர்கள் அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்தே வரைந்தார்கள். சதுரப் புள்ளி கொண்ட இன்றைய திரையில் அதை அப்படியே விரித்தால் முகங்கள் அமுங்குகின்றன, நிலா முட்டையாகிறது. கோப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சரி, படம் தவறு. உள்ளதை உள்ளபடி காட்டுவதே உண்மை என்பவர்களுக்கு இது ஒரு சிறு பாடம்.

*

எல்லாவற்றையும் இப்படி நடித்துக்காட்டிவிட முடியுமா? தமிழ்நாட்டில் 1990களில் கல்லூரி லேபுகளிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்தவர்களுக்கு 'பிரின்ஸ்', 'டேவ்' என்றாலே போதும். பிற்பாடு 'டூம்' செய்தவர்களில் ஒருவரான ஜான் ரோமெரோவின் 'டேஞ்சரஸ் டேவ்' இங்கே எத்தனை எந்திரங்களில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது என்பதை லேப் பொறுப்பாளர்கள்தான் சொல்ல வேண்டும். நம் கைக்கு வந்த நகல்களோடு கையேடு வந்ததில்லை. பிரின்ஸ் என்று அடித்து ஓர் இடம் விட்டு மெகாஹிட் என்று அடித்தால் குறுக்குவழிகள் திறக்கும் என்பது கையேட்டிலிருந்து வராமல் காதோடு காதாகத்தான் வந்தது. ஒருவர் விசைப்பலகையில், மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால். குதி என்று கத்துகிறவர் ஒருவர், வாசலைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். இளவரசனுக்குக் கொடுத்த 60 நிமிடத்துக்குமுன் லேப் நேரம் முடிந்துவிடும்.

டாஸ்பாக்ஸ் எந்திரத்தின் ஏழ்மையைத் திரும்பத் தருகிறது. நம்முடைய ஏழ்மையை அதனால் தர முடியாது. ஒரே கணினிக்கு வரிசையில் நின்றவரின் பதற்றமும், அடுத்த விளையாட்டு எப்போது கைக்கு வரும் என்று தெரியாததால் இருப்பதையே ஆடித் தீர்த்த பொறுமையும் எந்த அமைப்புக் கோப்பிலும் இல்லை. இன்று ஆயிரம் பழைய விளையாட்டுகளை ஒரு மாலையில் இறக்கிவைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் சில நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம். வேகம் குறைக்கப்பட்டது புராசசருக்குத்தான், ஆடுகிறவருக்கு இல்லை. இதை இழப்பு என்று புலம்பவும் நான் தயாராக இல்லை. பின்னணியிலிருந்த தட்டுப்பாடு போன பிறகும் நிழல் மனிதன் நிழல் மனிதனாகவே நிற்கிறான். படைப்பின் வரம்புகளைக் காக்க வேண்டும். வாசகனின் வறுமையைக் காக்க வேண்டியதில்லை.

விளையாட்டு என்பதால் இது விளையாட்டான விஷயம் என்று நினைப்பவர்கள் தம் பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். யூனிகோடு பரவுவதற்குமுன் தமிழில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. அக்காலத்தில் கணினியில் கோக்கப்பட்ட சிறுபத்திரிகைகளின் மூலக் கோப்புகள் எவரிடமாவது இருந்தாலும், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வருவது அர்த்தமற்ற ரோமன் எழுத்துகளின் குவியல். கோப்பு இருக்கிறது, கவிதை இல்லை. இங்கும் பாதி கோப்பில், பாதி அதற்கு வெளியே. பிரின்ஸைக் காப்பாற்றிய அக்கறையில் கொஞ்சம் நம் பத்திரிகைகளுக்கும் தேவை.

*

இந்தக் காப்பாற்றல் யாரால் நடந்தது என்று பார்த்தால் பெரும்பகுதி கூலி வாங்காதவர்களால். டாஸ்பாக்ஸ் இலவசம்; மூல நிரல் திறந்தது. போலந்தின் சிடி புரொஜெக்ட் 2008இல் பழைய விளையாட்டுகளை விற்கும் கடையைத் திறந்தபோது அவற்றோடு டாஸ்பாக்ஸையே சேர்த்துக் கொடுத்தது. 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் சுமார் 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி வைத்தது; அங்கும் உள்ளே ஓடுவது டாஸ்பாக்ஸ்தான். உரிமையாளர்கள் மறந்துபோன பல விளையாட்டுகள் இன்று இருப்பதற்கு, பூட்டை உடைத்து நகலெடுத்தவர்களும் ஒரு காரணம் என்பதைச் சங்கடத்தோடாவது ஒப்புக்கொள்ள வேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்குமுன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை.

ஆனாலும் டாஸ் விளையாட்டுகள் அதிர்ஷ்டசாலிகள். அவை உலகத்தை நம்பியிருந்தன என்று சொன்னேன். அந்த உலகம் பொதுவானது: ஆவணப்படுத்தப்பட்ட புராசசர், லட்சக்கணக்கில் விற்ற அட்டைகள், எல்லோர் மேசையிலும் இருந்த திரை. அதைத் திரும்பக் கட்ட உழைப்பு போதும், அனுமதி தேவைப்படவில்லை. இன்றைய விளையாட்டுகள் பலவற்றின் மறுபாதி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' என்ற விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் மிஞ்சியது ஆட முடியாத ஒரு கோப்பு. அது மெதுவான எந்திரத்தைக் கேட்கவில்லை. எவர் கையிலும் இல்லாத ஒரு பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை எதிர்த்து அந்த ஆண்டே ஓர் இயக்கம் எழுந்ததில் வியப்பில்லை.

வலிமை கூடக் கூடப் படைப்புகள் நீடிக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த வரலாற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு பிளாப்பியில் அடங்கிய விளையாட்டு முப்பத்தைந்து ஆண்டு தாண்டி ஓடுகிறது. பல ஜிபி பிடித்த விளையாட்டு பத்தாண்டு முடிவதற்குள் நிற்கிறது. பழையது பிழைத்ததற்குக் காரணம் எளியது. செய்தவர்கள், வேறு வழியில்லாமல்தான் என்றாலும், தாம் செய்ததை முழுதாக நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்திரத்தைப் பின்னால் வருகிறவர்கள் எப்படியாவது செய்துகொள்வார்கள். அதற்குப் படைப்பு அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.